1,34,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்விஃப்ட்டை ஏன் வாங்கினேன்

பழைய கார் பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு ஓடிருக்கு?" என்பதுதான். ஐம்பதாயிரத்துக்குள் என்றால் கேட்டவர் முகம் மலரும். லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றால், "சவத்த விடும் வே, வேற வண்டியா கிடைக்காது?" என்று பேச்சே முடிந்துவிடும். இது விற்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். பைபாஸ் ஓரம் விற்பனைக்கு நிற்கும் பத்து வயது வண்டிகளின் மீட்டரைப் பாருங்கள். முக்கால்வாசி நாற்பதாயிரத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் நடுவில்தான் நிற்கும். பத்து வருடமாக ஊரில் யாருமே காரில் போகவில்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

2024 தொடக்கத்தில் நான் வண்டி தேட ஆரம்பித்தேன். திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில் வீடு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, தென்காசியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, வருடத்துக்கு ஒருதடவை குலதெய்வம் கோயிலுக்குப் போக ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் போதும். கையில் மூன்றரை லட்சம். நானும் முதலில் ஓட்டம் கம்மியான வண்டியாகத்தான் தேடினேன்.

முதலில் பார்த்தது 2013 வேகன் ஆர். டாக்டர் வைத்திருந்த வண்டி, சிங்கிள் ஓனர், 42,000 கிலோமீட்டர் என்றார் புரோக்கர். (டாக்டர் வண்டி என்று சொல்லாத புரோக்கரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) வெளியே பாலிஷ் பளபளத்தது. என்னோடு வந்தவர் பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், பெயர் வேண்டாம். அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அப்படியே கையை எடுத்தார். கதவு கொஞ்சம் இறங்கியது. கீல் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் மேல்பாகம் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பெடல் மூன்றில் கிளட்ச் ரப்பர் மட்டும் புதுசு. பிறகு பானட்டைத் திறந்தார். ஆயில் மாற்றும் கடைகளில், அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும் என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்கண்ணாடியில் இருந்ததைக் கிழித்துவிட்டிருந்தார்கள். பானட்டுக்கு அடியில் இருந்ததை மறந்துவிட்டார்கள். அதில் 96,000 என்று பேனாவால் எழுதியிருந்தது.

அண்ணாச்சி ஒன்றும் சண்டை போடவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு, யோசிச்சுச் சொல்லுதோம்" என்று கிளம்பிவிட்டார். வெளியே வந்து சொன்னார்: "தொண்ணூறாயிரம் ஓடுனது தப்பே இல்ல தம்பி. அத மறைச்சிருக்கான் பாத்தியளா, அப்போ வேற என்னென்ன மறைச்சிருக்கான்னு நமக்குத் தெரியாதுல்லா?"

இப்போது வரும் டிஜிட்டல் மீட்டரைக் குறைக்கிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதனால் மீட்டரில் உள்ள எண்ணை ஓனர் சொல்லும் ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டரைப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். ஓனரையே கூட்டிக்கொண்டு போய், வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய பதிவைக் கேட்கலாம். ஓனர் வரமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். 2018 வண்டி, இருபத்தைந்தாயிரம்தான் ஓடியிருக்கிறது, ஆனால் டயர் நான்கும் 2021 என்றால், முதல் செட் டயர் எங்கே போனது என்று கேட்க வேண்டும். சாதாரணமாக நாற்பதாயிரம் வரைக்கும் டயர் தாங்கும்.

அடுத்து பார்த்தது இதற்கு நேர் எதிர். கடையம் பக்கம் ஒரு கிராமத்தில் 2011 ஐ10, 28,000 கிலோமீட்டர். மீட்டர் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஓனர் மும்பையில் இருக்கிறார். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்பார். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு நிற்கும். நம் பக்கத்தில் மும்பை, சென்னை, வளைகுடா என்று போன வீடுகளில் இப்படி நிற்கிற வண்டிகள் நிறைய. எனக்கு ஆசை வந்துவிட்டது. அண்ணாச்சிதான் ஒவ்வொன்றாகக் காட்டினார். டயர் நான்கும் 2011ஆம் வருடத்தியது. பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. பானட்டுக்குள் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருந்தது. பின் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. ஏசியில் கேஸ் இல்லை. அந்த 1.1 லிட்டர் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. ரப்பர் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு. பதின்மூன்று வருடப் பெல்ட்டை நம்பி நாலுவழிச்சாலையில் ஏற முடியாது. அறுந்தால் அங்ஙனயே நிற்க வேண்டியதுதான். சில இன்ஜினில் வால்வும் வளைந்துவிடும்.

இதற்கும் மேலே ஒன்று: தனியார் காருக்கு ஆர்.சி. பதினைந்து வருடம். அந்த வண்டிக்கு 2026இல் முடிகிறது. அதற்குப் பிறகு எப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஓனரோ "ஓட்டமே இல்லாத வண்டி" என்று விலையை இறக்க மாட்டேன் என்கிறார். இருபத்தெட்டாயிரம் என்ற எண்ணுக்குத்தான் அந்த விலை, வண்டிக்கு இல்லை.

அங்கிருந்து திரும்பி வரும்போது ஆலங்குளத்தில் டீ குடித்துக்கொண்டே அண்ணாச்சி சொன்ன கணக்கு இது. இன்ஜினுக்குக் கிலோமீட்டர் தெரியாது, எவ்வளவு நேரம் ஓடினோம் என்பதுதான் தெரியும். டவுன் ரத வீதி, ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி சராசரியாக மணிக்கு இருபது கிலோமீட்டர் போனாலே பெரிது. அப்படி 55,000 ஓடினால் இன்ஜின் 2,750 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதுவும் முதல் கியர், இரண்டாம் கியர், கிளட்சில் கால், சிக்னலில் நின்றபடி ஏசி. நாலுவழிச்சாலையில் சராசரி அறுபதில் போகும் வண்டி 1,34,000 ஓடினாலும் கணக்கு 2,230 மணி நேரம்தான் வருகிறது. அதில் பெரும்பகுதி ஐந்தாவது கியரில், ஒரே சீரான வேகத்தில். "நீங்க எவ்வளவு ஓடிச்சுன்னு கேக்குதீய. நான் எங்க ஓடிச்சுன்னு கேக்குதேன்" என்றார்.

அந்த 1,34,000 சும்மா உதாரணத்துக்குச் சொன்ன எண் இல்லை. அவரிடம் சர்வீஸுக்கு வரும் 2016 ஸ்விஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருந்தது. ஓனர் ஒரு பேராசிரியர். பாளையங்கோட்டையில் வீடு, வள்ளியூர்ப் பக்கம் கல்லூரி. ஓய்வுபெறப் போகிறார். அண்ணாச்சிக்குத் தெரிந்த வண்டி என்பதாலேயே நான் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். தெரிந்தவர் வண்டியில் குறை சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. அதனால் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்.

போக வர எண்பது கிலோமீட்டர். வருடத்துக்கு 230 வேலை நாள் என்றால் 18,400. வீட்டு ஓட்டம், கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்தால் இருபது, இருபத்தொன்றாயிரம். 2016 நடுவிலிருந்து 2024 தொடக்கம் வரை ஏழரை வருடம். அதில் கொரோனாவில் கல்லூரி மூடியிருந்த ஒன்றரை வருடத்தைக் கழித்தால் ஆறு. 1,26,000 வருகிறது. மூடியிருந்த காலத்தில் ஓடிய ஐந்தாறாயிரத்தையும் சேர்த்தால் 1,32,000. மீட்டர் 1,34,000 காட்டுகிறது. ஓனர் சொல்லும் கதையும் மீட்டரும் இப்படி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். "சும்மா வீட்டு உபயோகத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டு லட்சம் ஓடியிருந்தாலும் இடிக்கும். "தினம் நாகர்கோவில் போய் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நாற்பதாயிரம் காட்டினாலும் இடிக்கும்.

சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு ஒரு சீல், வருடத்துக்கு இரண்டு. 2020 தொடக்கத்தில் 76,000. அடுத்த சீல் 2021 கடைசியில், வெறும் ஆறாயிரம் கூடி. அந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது. பொய்க் கணக்கு எழுதுகிறவன் ஊரடங்கையும் நினைவில் வைத்து எழுதமாட்டான்.

இன்னொன்றும் கேட்டேன். பேராசிரியருக்கே ஆச்சரியம். பாஸ்டேக் ஸ்டேட்மென்ட். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் பாஸ்டேக் கட்டாயம். பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூருக்கு நாலுவழிச்சாலையில் போனால் நாங்குநேரி டோலைத் தாண்டியாக வேண்டும். பேங்க் ஆப்பைத் திறந்து காட்டினார். காலை ஒன்று, மாலை ஒன்று, சனி ஞாயிறு காலி, மே மாதம் காலி. இந்தக் கிலோமீட்டர்கள் எந்த ரோட்டில் வந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நெடுஞ்சாலை வண்டி என்று யார் சொன்னாலும் இதைக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலை ஆறரைக்கே போனோம். முந்தின நாளே, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று சொல்லியிருந்தோம். அண்ணாச்சி முதலில் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மேலப்பாளையம் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல அவருக்குக் குளிர்ந்த இன்ஜின். சூடான இன்ஜின் பாதி நோயை மறைத்துவிடும் என்பார். சாவியைத் திருப்பியதும் முதல் சில நொடி சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் இல்லை, டைமிங் செயின். செயின் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில் கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கும். வரவில்லை. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஓடவிட்டபடியே ஆயில் மூடியைத் திறந்து மேலே சும்மா வைத்தார். மூடி லேசாக அசைந்தது, தூக்கி எறியவில்லை. உள்ளே காற்றுத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூடிக்கு அடியில் கறுப்புக் களிம்பும் இல்லை. கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கவில்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். குறைகள் இங்கேதான் வந்தன. தெருவில் ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்னால் "டொக்" என்று ஒரு சத்தம்: முன் சஸ்பென்ஷனில் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் போய்விட்டன. இடது முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவு. கிளட்ச் பெடல் பாதிக்கு மேல் வந்த பிறகுதான் பிடித்தது, ஆகவே பிளேட் கடைசிக் கட்டத்தில். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தியபோது டிரைவ் ஷாஃப்ட்டில் "டக் டக்" சத்தம் இல்லை, நல்லது. நாலுவழிச்சாலையில் தொண்ணூறில் ஸ்டியரிங் அதிரவில்லை. வீல் பேரிங் ஊளையிடவில்லை. டயர் மாற்ற வேண்டும்.

அண்ணாச்சி மகன், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் வைத்திருக்கிறான். டேஷ்போர்டுக்குக் கீழே செருகி போனில் பார்க்கலாம். பழுதுக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் பலர் இதை வாங்குகிறார்கள். அதைவிட உபயோகமான ஒன்று இருக்கிறது. கடைசியாகக் குறியீடுகளை அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் படிக்கலாம். அது ஐந்தாறு கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காக இன்று காலையில்தான் இன்ஜின் விளக்கை அணைத்திருக்கிறார்கள். அது மீட்டரைவிடக் கூடுதலாகக் காட்டினால் பேச்சே வேண்டாம். மீட்டரைக் குறைக்கிறவர்கள் பலருக்கு இது நினைவுக்கு வராது. இந்த வண்டியில் இரண்டு சிக்கலும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது இரண்டு உண்டு. எந்தக் கிலோமீட்டர் கணக்கிலும் அவை வராது. ஒன்று வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அடுத்த மாதங்களில் சந்தைக்கு வந்த வண்டியை அதனால் நான் நம்பவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்தாலும் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல், சீட்டுக்கு அடித்தண்டவாளத்தில் துரு, பியூஸ் பெட்டிக்குள் பச்சைப் பூப்பு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு முடை நாற்றம். வாசனை ஸ்பிரே அளவுக்கு மீறி அடித்திருந்தால் உடனே கார்ப்பெட்டைத் தூக்குங்கள்.

இன்னொன்று கடற்கரை. உவரி, பெரியதாழை, திருச்செந்தூர்ப் பக்கம் பல வருடம் நின்ற வண்டியின் அடிப்பகுதியை உப்புக்காற்று தின்றுவிடும். ஜாக்கி வைக்கும் இடம், கதவின் அடி விளிம்பு, பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் எல்லாவற்றையும் வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் வேலையைப் பணம் கொடுத்துச் செய்துவிடலாம். அடித்தகடு ஓட்டையானதற்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு மாளாது. முப்பதாயிரம் ஓடிய கடற்கரை வண்டியைவிட லட்சம் ஓடிய அம்பாசமுத்திரம் வண்டிக்கே என் ஓட்டு.

எந்த வண்டியானாலும் ஓட்டம் அதிகமென்றால் எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. டீசலில் டர்போ, இன்ஜெக்டர் என்று ஒரு தடவை கை வைத்தாலே பெரிய செலவு. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசலில் புகை வடிகட்டியும் சேர்ந்துகொள்ளும். ஒன்றரை லட்சம் தாண்டிய டீசல் ஹேட்ச்பேக்கைக் காரணமில்லாமல் தொடமாட்டேன். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றிய வண்டியும் வேண்டாம். பின் சீட்டு டிரைவர் சீட்டைவிட அதிகமாகத் தேய்ந்திருப்பதே அதற்கு அடையாளம்.

விலை பேசும்போது கிலோமீட்டரை நாங்கள் இழுக்கவே இல்லை. ஓனர் கேட்டது 3,90,000. கிளட்ச் செட் கூலியோடு எட்டாயிரம், முன் சஸ்பென்ஷன் வேலை பன்னிரண்டாயிரம், டயர் நான்கு பதினெட்டாயிரம் என்று அண்ணாச்சி ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்தார். 38,000. "லட்சம் தாண்டிருச்சுல்லா, குறைங்க" என்று கேட்டால் ஓனருக்குக் கோபம்தான் வரும். தாளில் வேலையை எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார். விடைத்தாள் திருத்துகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் 3,45,000க்கு முடிந்தது.

இன்சூரன்ஸ் தாளில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் என்று இருந்ததும் ஒரு காரணம். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் இல்லாதவருக்கே அது கிடைக்கும். பெரிய இடி எதையும் இன்சூரன்ஸில் செய்யவில்லை என்று ஊகிக்கலாம். ஆனால் அந்தச் சலுகை ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதனால் உங்கள் பிரீமியம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும். ஆர்.சி.யில் கடன் கொடுத்த பேங்க் பெயர் இருந்தால், அதை நீக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வாங்கிய வாரமே தாளில் எழுதிய வேலைகளைச் செய்தேன். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் பழைய கணக்குப் பார்க்காமல் மாற்றினேன். பிறகு ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் ஒருதடவை போனது. பேட்டரி மாற்றினேன். வேறு பெரிய செலவு இல்லை. மீட்டர் இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. தென்காசி ரோட்டில் பதினேழு, பதினெட்டு மைலேஜ் கொடுக்கிறது.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதை விற்கப் போனால் யாரும் நாங்குநேரி டோல் கணக்கைக் கேட்கப் போவதில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு "சவத்த விடும்" என்றுதான் போவார்கள். அதனால் இரண்டு வருடத்தில் வண்டியை மாற்றிவிடும் எண்ணம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து, பதிவோடு கூடிய அறுபதாயிரம் ஓடிய வண்டியாகப் பார்ப்பதே நல்லது. எங்கள் வீட்டில் அப்படி எண்ணம் இல்லை. ஆர்.சி. 2031 வரை இருக்கிறது, அதுவரை ஓட்டத்தான் வாங்கினோம்.